கடனைக் கேட்டால் ஊர் தெரியும்: நேபாளத் தராயில் கள ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

நேபாளம் பற்றி ஆய்வு செய்யப் போவதாக என்னிடம் பேச வரும் மாணவர்கள் பெரும்பாலும் நான்கு எண்களோடு வருகிறார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 1995-96இல் 41.76 சதவீதம், 2003-04இல் 30.85, 2010-11இல் 25.16, 2022-23இல் 20.27. அந்நாட்டு அரசின் நான்கு வாழ்க்கைத்தர ஆய்வுகள் தந்த எண்கள் இவை. செலவில் உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினிக் குறியீடும் 2003-04இல் 0.41 வரை ஏறி, இப்போது 0.30க்கு இறங்கியிருக்கிறது. பத்தாண்டு உள்நாட்டுப் போர், 2015 நிலநடுக்கம், அதே ஆண்டு இந்திய எல்லை வழியாகச் சரக்கு வராமல் போன எல்லை முடக்கம், அப்புறம் கொரோனா என்று அடிமேல் அடி வாங்கிய நாட்டில் இது நடந்திருக்கிறது என்பது பெரிய விஷயம். ஓலைக் கூரைகள் தகரமாகவும் தளமாகவும் மாறியதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இந்த எண்களை நான் நம்புகிறேன்.

ஆனால் வறுமை விகிதமும் ஜினியும் அளப்பது ஒரு வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, அதற்காக யாரிடம் எதை எழுதிக் கொடுத்தார்கள் என்பது அந்த எண்ணுக்குள் வராது. இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியில், பெரும்பாலும் தனுஷா, சிராஹா மாவட்டங்களில், வீடு வீடாகப் போகும் ஆய்வுக் குழுக்களோடு சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அங்கே ஏற்றத்தாழ்வைப் பார்க்க வருமானத்தைக் கேட்பதைவிடக் கடனைக் கேட்பதே நல்ல வழி என்று உறுதியாகச் சொல்வேன். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன் அந்த நான்கு எண்களையே ஒருமுறை நன்றாகப் படித்துவிடுங்கள். நான்கையும் ஒரே கோட்டால் அளக்கவில்லை. 2010-11இல் வறுமைக்கோட்டை உயர்த்தினார்கள். 2022-23இல் மறுபடியும் உயர்த்தினார்கள். இப்போதைய கோடு ஆளுக்கு ஆண்டுக்கு 72,908 நேபாள ரூபாய்; இந்தியப் பணத்தில் சுமார் 45,500, மாதக் கணக்கில் 3,800 ரூபாய். 2010-11 கோட்டையே விலைவாசிக்கு ஏற்ப நகர்த்தி அளந்தால் 2022-23இல் ஏழைகள் 3.57 சதவீதம்தான். '25இலிருந்து 20 ஆனது' என்று மட்டும் எழுதினால் நடந்த முன்னேற்றம் பாதிகூடத் தெரியாது. 3.57 என்று மட்டும் எழுதினால் வறுமையே ஒழிந்துவிட்டது போலாகிவிடும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், எந்தக் கோடு என்பதோடு.

வறுமை குறைந்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பணம் வந்த வீடுகள் 1995-96இல் 23.4 சதவீதம், 2022-23இல் 76.8 சதவீதம். 2021 கணக்கெடுப்பின்போது நாட்டின் மக்கள்தொகை 2 கோடியே 92 லட்சம். அது போக, வெளிநாட்டில் இருப்பவர்களாகப் பதிவானவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். இவர்களில் பலர் கத்தார், சவுதி, அமீரகம், மலேசியாவில். வெளிநாடுகளிலிருந்து வரும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கை ஒட்டி இருக்கிறது.

அந்தப் பயணத்துக்கு முதலாகப் போடும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களிடம் விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் பணம் வாங்கக்கூடாது, ஆள் அனுப்பும் நிறுவனம் அதிகபட்சம் 10,000 நேபாள ரூபாய்தான் கட்டணம் வாங்கலாம் என்று 2015இலேயே நேபாள அரசு விதி போட்டது. நான் உட்கார்ந்து பேசிய திண்ணைகளில் லட்சத்துக்குக் குறைவாகக் கொடுத்தோம் என்று சொன்னவர்கள் அரிது. ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மாதம் மூணு வட்டி சாதாரணம். அதாவது மாதம் 4,500, ஆண்டுக்கு 54,000. கத்தாரில் 2021இலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். 2023 வாக்கில் நேபாளப் பணத்தில் அது 36,000 ரூபாய் அளவுக்கு வந்தது. முதல் ஆண்டு வட்டிக்கு மட்டும் ஒன்றரை மாத உழைப்பு போய்விடுகிறது, அசல் அப்படியே நிற்கிறது. வட்டியும் கட்ட முடியாமல் ஆண்டு முடிவில் அதை அசலோடு சேர்த்தால், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும்போது கடன் 2,77,000ஐத் தாண்டியிருக்கும். நிலம் உள்ளவர் இதே பயணத்துக்கு நிலத்தைக் காட்டி வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ இதைவிட மிகக் குறைந்த வட்டியில் வாங்கிவிடுவார். இரண்டு வீட்டிலும் மகன் கத்தாரில்தான். செலவுக் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். பத்து ஆண்டு கழித்து ஒரு வீட்டில் மாடி எழும்பியிருக்கும். மற்ற வீட்டில் இரண்டாவது மகன் புறப்பட்டுக்கொண்டிருப்பான்.

இந்த வித்தியாசத்தின் வேர் நிலத்தில் இருக்கிறது. 1854இல் பிரதமர் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் என்ற சட்டத் தொகுப்பு நாட்டு மக்கள் எல்லோரையும் பூணூல் அணிபவர்கள் முதல் தீண்டத்தகாதவர்கள் வரை படிநிலையில் நிறுத்தி, யார் கையில் யார் தண்ணீர் வாங்கலாம் என்பதையே சட்டமாக எழுதியது. 1963இல் வந்த புதிய முலுகி ஐன் அந்தப் படிநிலையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. நிலம் அப்படி மாறவில்லை. ராணாக்கள் காலத்தில் வேண்டியவர்களுக்கு இறையிலியாகக் கொடுத்த தராய் நிலங்கள் பிர்தா எனப்பட்டன. பிர்தா முறை 1959இல் ஒழிக்கப்பட்டது. 1964 நிலச் சட்டம் தராயில் ஒரு குடும்பத்துக்கு 25 பிகா என்று உச்சவரம்பு வைத்தது. ஒரு பிகா ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. உறவுக்காரர் பெயர்களில் பிரித்து எழுதிக்கொள்ள நிலக்காரர்களுக்கு வழி இருந்தது. அந்த வயலில் உழுதவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வரவில்லை. ஆண்டுக் கணக்கில் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழும் பண்ணையாட்களை இந்தப் பகுதியில் ஹருவா என்பார்கள், மாடு மேய்ப்பவர் சருவா. இதே போலக் கட்டுண்டிருந்த மேற்குத் தராயின் கமையாக்கள் 2000 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டார்கள். ஹருவா, சருவா விடுதலை அறிவிப்பு 2022 ஜூலையில்தான் வந்தது.

தலித் சாதிகளான முசஹர், தோம் மக்கள் வாழும் டோல்கள், அதாவது குடியிருப்புகள், ஊரின் ஓரத்தில், குளக்கரையிலோ சாலை ஓரத்திலோ இருக்கும். அந்த நிலத்துக்குப் பெரும்பாலும் பட்டா கிடையாது. பட்டாவை அங்கே லால்புர்ஜா என்கிறார்கள். பதிவில்லாத அரசு நிலத்துக்குப் பெயர் ஐலானி. நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் மண்ணில் லால்புர்ஜா இல்லை என்றால் வங்கி வாசல் திறக்காது. அப்புறம் மீதி இருப்பவர் சாஹு, நம் ஊர் வட்டிக்காரர் போல.

தராய்க்குப் போகும் தமிழர்கள் காத்மாண்டுவிலேயே ஒன்றை அனுபவிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நம் நிறத்தைப் பார்த்து அங்கே பலர் நம்மை மதேசி, அதாவது தராய்ச் சமவெளிக்காரர், என்றே எடுத்துக்கொள்வார்கள். மைக்ரோ பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். வாடகைக்கு அறை கேட்டால் முதலில் எந்த மாவட்டம் என்று கேள்வி வரும். இந்தியன் என்று தெரிந்ததும் வேறு விதமான பேச்சு வரும், அதில் 2015 எல்லை முடக்கத்தின் கசப்பும் இருக்கும். இதைப் பொறுத்துப் போங்கள் என்று சொல்ல மாட்டேன், குறித்து வையுங்கள். சொந்த நாட்டிலேயே தினமும் இந்தப் பார்வையைச் சந்திக்கும் மதேசிகள் 2007இல் ஏன் தெருவில் இறங்கினார்கள், குடியுரிமைச் சான்றிதழ் அவர்கள் வீடுகளில் ஏன் இவ்வளவு பெரிய கதையாக இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அங்கிருந்துதான் புரிய ஆரம்பித்தது.

குழுவை அமைப்பதில்தான் பாதி ஆய்வு முடிவாகிறது. காத்மாண்டுவில் ஆட்களை எடுத்தால் பட்டம் பெற்ற, நன்றாக நேபாளி பேசும், மலைப்பகுதி மேல்சாதிகளான பாகுன், சேத்ரி இளைஞர்கள் நிறையக் கிடைப்பார்கள். திறமையானவர்கள், உழைப்பாளிகள். ஆனால் தனுஷாவின் ஓர் ஊர்க் கோடியில் இருக்கும் பாட்டிக்கு நேபாளி சரளமாக வராது. அவர் மொழி மைதிலி. மருமகள்கள் பலருக்கும் அப்படித்தான். கேள்வித்தாள் நேபாளியில் இருந்து, கேட்பவர் மனசுக்குள்ளேயே மொழிபெயர்த்துக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பார்கள். மைதிலியில் எழுதி, அச்சடித்து, அதே ஊர்ப் பெண்களிடம் வாசித்துக் காட்டிவிட்டுக் களத்துக்குப் போங்கள். மைதிலி பேசும் பெண்களைக் குழுவில் சேருங்கள், தலித் பெண்களையும் சேர்த்து. தனுஷாவும் சிராஹாவும் அடங்கிய மதேஷ் மாகாணத்தில் 2021இல் எழுத்தறிவு 63.5 சதவீதம், ஏழு மாகாணங்களில் மிகக் குறைவு. படித்த பெண்கள் கிடைக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனக்பூரிலும் லஹானிலும் கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாலை இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி வேலையைப் பிரித்துக் கொடுத்தால் வீட்டாரும் அனுப்புவார்கள்.

பயிற்சியில் இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுவேன். எந்த வீட்டிலும் யாரையும் 'நீ' போட்டுப் பேசக்கூடாது; மரியாதைச் சொல்தான். முசஹர் வீட்டில் தண்ணீரோ டீயோ கொடுத்தால் குடிக்க வேண்டும். குடிக்க முடியாதவர்கள் அலுவலக வேலையில் இருக்கலாம், களத்துக்கு வேண்டாம்.

தங்குமிடத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். மலைப்பகுதிச் சந்தை ஊர் ஒன்றில், எங்கள் குழுவில் இருந்த விஸ்வகர்மாப் பெண்ணின் (அங்கே அது தலித் சாதி) குடும்பப் பெயரைக் கேட்டதும் விடுதிக்காரர் அறை இல்லை என்றுவிட்டார். சற்று முன்புதான் எல்லோருக்கும் அறை உண்டு என்று சொல்லியிருந்தார். குழு முழுவதும் வெளியே வந்து வேறு இடம் தேடிக்கொண்டோம். சாதிப் பாகுபாட்டைத் தண்டிக்க 2011இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு விட்டோம். அன்றைய தேதியிட்டு நடந்ததை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். குழுவில் இருப்பவருக்கு நேர்வதும் ஆய்வின் தரவுதான்.

ஊருக்குள் போனால் முதலில் வார்டு அலுவலகத்தில் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுங்கள், அது முறை. அங்கிருந்து ஒருவரை வழிகாட்டியாக அனுப்புகிறேன் என்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். வழிகாட்டி வந்தால் சாலையோர வீடுகளிலிருந்து தொடங்குவார், நாற்காலி போடும் வீடுகளுக்குக் கூட்டிப்போவார். கடன் பற்றிக் கேட்கும்போது அவரும் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கே யாராவது பாக்கி வைத்திருக்கலாம், அல்லது சாஹு அவருடைய மாமனாராக இருக்கலாம். நாங்கள் ஊரின் கடைசி டோலிலிருந்து தொடங்கி உள்ளே வருவோம். வீட்டுப் பட்டியலையும் நாங்களே நடந்து எடுப்போம், ஏனென்றால் ஐலானி நிலத்துக் குடிசைகள் வார்டுப் பட்டியலில் விட்டுப்போவது சகஜம். ஒரே முற்றத்தில் அண்ணன் தம்பிகள் தனித்தனி அடுப்பு வைத்திருப்பார்கள், நிலம் இன்னும் அப்பா பெயரிலேயே பிரியாமல் இருக்கும். அடுப்பை வைத்து வீட்டை எண்ணுங்கள், நிலத்தைத் தனியாகக் கேளுங்கள்.

வார்டில் ஒருவரை மட்டும் தேடிப் போய்ப் பாருங்கள்: தலித் பெண் உறுப்பினர். ஒவ்வொரு வார்டிலும் ஐந்து பேரில் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், 2017 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுக்க 6,500க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் தேர்வானார்கள். தெற்காசியாவில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கூட்டத்தில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களில் சிலர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினான் என்று அவர்களுக்குத் தெரிவது போல் வார்டுத் தலைவருக்குத் தெரியாது.

சரி, கடனுக்கு வருவோம்.

'உங்களுக்குக் கடன் இருக்கிறதா?' என்று நேராகக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். முன்பின் தெரியாதவரிடம் யார் சொல்வார்கள்? அதோடு, பலர் மனத்தில் கடன் என்றால் வங்கிக் கடன் மட்டும்தான். சாஹுவிடம் வாங்கியது வேறு கணக்கு. அதனால் நாங்கள் வாழ்க்கையைக் கேட்போம். கடந்த ஐந்து ஆண்டுகளில் வீட்டில் கல்யாணம் நடந்ததா? ஆஸ்பத்திரிக்கு யாராவது போனார்களா? சாவு, பதின்மூன்றாம் நாள் காரியம்? யாராவது வெளிநாடு போனார்களா? ஒவ்வொன்றிலும் நின்று, அதற்குப் பணம் எப்படிப் புரட்டினீர்கள் என்று கேட்போம். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டது எவ்வளவு என்ற பேச்சு வந்தால் அடுத்த அரை மணிக்கு நாம் கேள்வியே கேட்க வேண்டியதில்லை.

யார் கொடுத்தார் என்பதற்கு அடுத்து மூன்று கேள்விகள் முக்கியம். கையில் வாங்கியது எவ்வளவு? தாளில் எழுதியது எவ்வளவு? அந்தத் தாள் இப்போது யாரிடம்? தமசுக் என்று அவர்கள் சொல்வது நம் ஊர்ப் புரோநோட்டு போன்றதுதான். ஒரு லட்சம் கொடுத்துவிட்டு மூன்று லட்சம் என்று எழுதி வாங்குவது, வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வைப்பது, கடனைத் திருப்பிக் கட்டிய பிறகும் தாளைத் தராமல் இழுப்பது, நிலத்தை விற்றதாகவே பதிவு செய்துகொள்வது, இவையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்ட கதைகள். கேள்வித்தாளில் 'கடன் தொகை' என்று ஒரே கட்டம் வைத்தால் இதில் எதுவும் பதிவாகாது.

இதற்கு அங்கே மீட்டர்ப்யாஜ் என்று பெயர். தமிழ்நாட்டில் மீட்டர் வட்டி என்று சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டாம், அதேதான். 2022இலும் 2023இலும் மதேஷ் மாவட்டங்களிலிருந்து பாதிக்கப்பட்டவர்கள், பெண்கள் உட்பட, காத்மாண்டுவுக்கு நடந்தே வந்து போராடினார்கள். மலையைச் சுற்றி ஏறும் பி.பி. நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனாலே உடம்பு அலுத்துவிடும். அரசு 2023இல் விசாரணை ஆணையம் அமைத்தது, ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன, சட்டத்தைத் திருத்தி இந்த வழக்கத்தைக் குற்றமாக்கினார்கள். அந்த ஆண்டு வாழ்க்கைத்தர ஆய்வின்படி மதேஷின் வறுமை 22.53 சதவீதம், தேசிய சராசரியைவிடச் சற்றுத்தான் அதிகம். தூர மேற்கிலுள்ள சுதூர்பஸ்சிம் மாகாணத்தில் 34.16. வறுமை விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் மதேஷிலிருந்து அப்படியொரு நடைப்பயணம் கிளம்பும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. சாஹுவிடம் போய் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். குழுக் கடன் பெண்கள் பெயரில். லகுபித்தா என்ற சிறுகடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கின்றன, குறித்த தேதியில் தவணை கட்ட வேண்டும். ஒரு வீட்டில் கணவர் ஒரே ஒரு கடன் சொன்னார், சாஹுவிடம் வாங்கியது. பின்னால் கிணற்றடியில் அவர் மனைவி எங்கள் குழுப் பெண்ணிடம் மூன்று லகுபித்தாக்களின் பெயரைச் சொன்னார். முதல் கடன் மகனை மலேசியா அனுப்ப. இரண்டாவது, சாஹுவின் வட்டியை அடைக்க. மூன்றாவது, முதல் இரண்டின் தவணை கட்ட. இந்த மூன்றில் கணவருக்கு இரண்டுதான் தெரியும் என்றார். அந்த வீட்டின் மொத்தக் கடன் எவ்வளவு என்பதை அந்த வீட்டில் முழுதாக அறிந்தவர் யாருமில்லை. நேபாள ஆய்வுகளில் வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டு எழுதிய கடன் புள்ளிவிவரங்களை நான் எச்சரிக்கையோடு படிப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய விவாதத்தைச் சொல்ல வேண்டும். நேபாள மானிடவியலின் முன்னோடி தோர் பகதூர் பிஸ்டா 1991இல் வெளிவந்த தன் நூலில், எல்லாம் விதிப்படிதான் நடக்கும் என்ற மனப்பான்மையும், பெரிய மனிதர்களைச் சுற்றி வந்து காரியம் சாதிக்கும் வழக்கமும் நாட்டின் வளர்ச்சிக்குத் தடையாக இருக்கின்றன என்று வாதிட்டார். மேல்சாதிப் பண்பாட்டை அவ்வளவு வெளிப்படையாக விமர்சிக்க அன்று துணிச்சல் வேண்டும். 1996இல் அவர் காணாமல் போனார், என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. இதற்கு மாறாக, சைதன்ய மிஸ்ரா போன்ற சமூகவியலாளர்கள் பொருளாதார, அரசியல் அமைப்புகளில் காரணங்களைத் தேடினார்கள். பிஸ்டா மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பதவியில் இருப்பவர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் சொன்னது இன்றும் பொருந்துகிறது. ஆனால் விதிவாதம் என்ற விளக்கத்தைக் கடைக்கோடி டோலுக்குக் கொண்டுபோனால் நிற்பதில்லை. 'எல்லாம் தலையெழுத்து' என்று பேச்சைத் தொடங்கியவர்தான் எந்த மாதம் எவ்வளவு கட்டினார், எந்தத் தவணையைச் சாஹு வரவு வைக்கவில்லை என்று எழுத்தறியாமலே ஆண்டுக்கணக்காக மனத்தில் வைத்திருக்கிறார். விதியை நம்பி உட்கார்ந்திருப்பவர் அப்படிக் கணக்கு வைக்க மாட்டார்.

சில நடைமுறைக் குறிப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் சொன்னால் எந்த நாட்டுப் பணம் என்று கேளுங்கள். எல்லையோர ஊர்களில் இந்திய ரூபாயிலும் கணக்குப் பேசுவார்கள். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய், இந்த விகிதம் 1993இலிருந்து மாறவில்லை. நில அளவு தராயில் பிகா, கட்டா, தூர்: 20 தூர் ஒரு கட்டா, 20 கட்டா ஒரு பிகா. ஒரு கட்டா நம் கணக்கில் எட்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மலைக்குப் போனால் ரோபனி, அது பன்னிரண்டரை சென்ட். தானியத்தை மூரி, 'பாதி' என்பார்கள் (அரை அல்ல, ஓர் அளவின் பெயர்), 20 'பாதி' ஒரு மூரி. சொன்ன அளவையே எழுதி வாருங்கள், மாற்றுவதை அறைக்கு வந்து செய்யலாம்.

தேதிகள் விக்ரம் சம்வத்தில் வரும், நம் ஆண்டைவிட ஏறக்குறைய 57 கூடுதல். தமிழ் மாதம் தெரிந்தவர்களுக்கு இதில் நல்ல வசதி உண்டு: அவர்களுடைய மாதங்களும் சூரியக் கணக்குதான், ஏப்ரல் நடுவில் ஆண்டு பிறக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்துப் பொருத்தாதீர்கள். அவர்களுடைய வைசாகம் நம் சித்திரை. கார்த்திக் நம் ஐப்பசி. நடவு நடக்கும் அசார் மாதம் நம் ஆனி. அப்போது ஆய்வுக்குப் போவது அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது. அந்த மாதத்தில் டோலின் ஆண்களில் பலர் பஞ்சாபுக்கு நடவுக்குப் போயிருப்பார்கள். தசைன், திஹார், சட் பண்டிகைகள் வரும் புரட்டாசி, ஐப்பசியிலும் வேண்டாம். மாசி, பங்குனி நல்ல காலம்.

பஞ்சாப் போகிறவர்களைப் பற்றி இன்னொன்று. இந்தியாவுக்கு வேலைக்குப் போக நேபாளிகளுக்குத் தொழிலாளர் அனுமதி தேவையில்லை. அதனால் அனுமதி எண்ணிக்கையை வைத்து எழுதும் குடிபெயர்வு ஆய்வுகளில் இவர்கள் இருக்க மாட்டார்கள். வீட்டில் ஆறு மாதத்துக்குமேல் இல்லாதவரைத்தான் பல ஆய்வுகள் 'வெளியூரில் இருப்பவர்' என்று எண்ணும். நடவுக்கும் அறுப்புக்கும் இரண்டு இரண்டு மாதம் போய் வருபவர் அங்கேயும் விழ மாட்டார். வளைகுடாவுக்கான முதல் புரட்ட முடியாத ஏழைகள் இந்தியாவுக்குப் போகிறார்கள். தூர மேற்கு மலைகளிலும் இதே கதைதான். எனவே 'கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதத்துக்குமேல் வெளியே வேலை செய்தவர் யார் யார்' என்று தனிக் கேள்வி வையுங்கள்.

கடனைக் கேட்பதில் ஆபத்தும் இருக்கிறது, நமக்கில்லை, பதில் சொன்னவர்களுக்கு. நாம் போன மறுநாள் சாஹு வந்து என்ன சொன்னாய் என்று கேட்கலாம். அதனால் சாஹுவின் பெயரை நாங்கள் எங்கேயும் எழுதுவதில்லை. உறவு, சாதி, அதே ஊரா வேற்றூரா என்ற குறியீடுகள் போதும். செல்பேசியில் பதிவு செய்யும் கருவியில் அன்றைய பதிவு அன்றே மேலேறி, கையில் இருப்பதிலிருந்து அழிந்துவிடும்படி அமைப்போம். தமசுக்கைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி யாராவது நீட்டினால், ஆய்வுக்காக எடுப்பதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளையின் செல்பேசியிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வோம். புகார் கொடுக்கப் போகும் நாளில் அது அவர்களுக்குத்தான் தேவைப்படும். மாவட்ட நிர்வாக அலுவலகம் எங்கே இருக்கிறது, இலவசச் சட்ட உதவி யாரிடம் கேட்கலாம் என்பதை மைதிலியில் ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெண் ஒருவரின் குரலில் பதிவும் செய்து, ஆய்வுக்கு வந்த வீடு, வராத வீடு என்று பாராமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வருவோம். சிலருக்கு மட்டும் கொடுத்தால் யார் பேசினார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும்.

முடிவுகளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். காத்மாண்டுவில் ஒரு ஹோட்டல் அரங்கில் நேபாளியிலும் ஆங்கிலத்திலும் வாசித்துவிட்டு முடித்துக்கொள்ளும் வழக்கம் வலுவாக இருக்கிறது. டோலில், மாலையில், மைதிலியில் வாசியுங்கள். கேட்பவர்கள் திருத்துவார்கள். 'அறுவடைக் கூலியில் இந்த அளவு யாரும் தருவதில்லை', 'இந்தக் கணக்கில் தவணை தவறினால் போடும் அபராதம் சேரவில்லையே' என்று சொல்வார்கள், அந்தத் திருத்தங்கள் எந்தப் பேராசிரியரின் குறிப்பையும்விடக் கூர்மையானவை. வாசித்த தாளில் ஒரு பிரதியைத் தலித் பெண் உறுப்பினரிடமும் ஒன்றை வார்டிலும் கொடுங்கள். திரும்பிப் போகும் இந்தப் பயணத்துக்கான வண்டிச் செலவையும், குழுப் பெண்களின் அந்த நாட்களுக்கான சம்பளத்தையும் நிதி விண்ணப்பம் எழுதும்போதே தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள். அறிக்கை கொடுத்த பிறகு கேட்டால் நிதி தருபவர்கள் தருவதில்லை.